மெக்கானிக்ஸ், மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சிக்குப் போகலாமா? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கண்டனூர், திருப்பத்தூர் என்று இந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. "மெக்கானிக்ஸ் வேற, மெட்டீரியல்ஸ் வேறயா சார்? ரெண்டையும் ஏன் சேர்த்தே சொல்றாங்க?"

ஒரு பொருளின் மேல் விசை விழும்போது அது எங்கே வளைகிறது, எங்கே விரிசல் விடுகிறது, எவ்வளவு தாங்குகிறது என்று கணக்குப் போடுவது மெக்கானிக்ஸ். முதலாம் ஆண்டில் படித்த தகைவும் (ஸ்ட்ரெஸ்) திரிபும் (ஸ்ட்ரெய்ன்) இதன் அரிச்சுவடி. அந்தப் பொருள் உள்ளுக்குள் எப்படி அமைந்திருக்கிறது, எஃகு ஏன் வளைகிறது, கண்ணாடி ஏன் பொட்டென்று உடைகிறது என்று தேடுவது மெட்டீரியல்ஸ்.

ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதற்கு லிபர்ட்டி கப்பல்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா அவசர அவசரமாக வெல்டிங் செய்து கட்டிய சரக்குக் கப்பல்கள் அவை. பலவற்றில் விரிசல் விழுந்தது, சில இரண்டாகவே பிளந்தன. சரக்கு இறக்கும் திறப்பின் கூர்மூலையில் தகைவு குவிந்தது ஒரு காரணம், அது மெக்கானிக்ஸ். குளிர்ந்த கடலில் அந்த எஃகு நெகிழும் குணத்தை இழந்து நொறுங்கும் குணத்துக்கு மாறியது இன்னொரு காரணம், அது மெட்டீரியல்ஸ். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவரால் பாதிக் கதையைத்தான் சொல்ல முடியும். இன்று பேட்டரி, விமான எஞ்சின், செயற்கை மூட்டு, பாலம் எதை எடுத்தாலும் நிலைமை இதுதான்.

2. "இன்னும் அஞ்சு வருஷம் காசு கட்டிப் படிக்க வைக்கணுமா தம்பி? பையனுக்கு இப்பவே இருபத்திரண்டு ஆகுது."

அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நீங்கள் கட்ட வேண்டியது குறைவு, அவனுக்கு வருவதுதான் அதிகம். மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வாளர் ஆனதும் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. கேட் என்ற தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 70,000 ரூபாய், பிறகு படிப்படியாக 80,000 வரை. ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் தனியாக. அது சிலருக்குத்தான் கிடைக்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் எல்லா மாணவருக்கும் உதவித்தொகை கிடையாது. கையிலிருந்து கட்டணம் கட்டி, உதவித்தொகை இல்லாமல் முழுநேர பிஎச்.டி. செய்கிறவர்கள் நிறையப் பேர். என் கருத்து இது: பொறியியலில் உதவித்தொகை இல்லாத முழுநேர இடம் கிடைத்தால் ஒரு வருடம் பொறுத்து கேட் எழுதிவிட்டு வாருங்கள். தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு. முதல் ஆறு மாதத்துக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு போவது நல்லது.

3. "முடிச்சா வேலை இருக்கா?"

இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. இஸ்ரோ, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ., அணுசக்தித் துறை, சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அறிவியல் ஆய்வு மன்றத்தின் கூடங்கள், சென்னையைச் சுற்றியுள்ள வாகன நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள், பெங்களூரில் ஜெட் எஞ்சின் தயாரிப்பவர்களின் மையங்கள் ஆகியவை இந்தத் துறைக்காரர்களைத் தேடி எடுக்கின்றன. கணினியில் மாதிரி செய்து விரிசலையும் வெப்பத்தையும் கணிக்கத் தெரிந்தவருக்குத் தனியார் துறையில் மதிப்பு அதிகம். அரசு ஆய்வுக்கூடப் பணிகளுக்கு வயது வரம்பு உண்டு, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நெருக்கடி இருப்பது கல்லூரி ஆசிரியர் வேலையில்தான். "பிஎச்.டி. முடித்துவிட்டுப் பக்கத்துக் காலேஜில் சேர்ந்துகொள்கிறேன்" என்ற ஒரே திட்டத்தோடு இதில் இறங்காதீர்கள்.

4. "காரைக்குடியை விட்டுப் போகாமலே செய்ய முடியுமா?"

ஓரளவு முடியும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட சிக்ரி நம் ஊரிலேயே இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். அரிமானம் (துருப்பிடிப்பது போன்றவை), பேட்டரி, மின்முலாம், மின்வேதி உலோகவியல் எல்லாம் அங்கே நடக்கின்றன. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்று பார்க்க மண்டபத்திலும் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. அங்கே பிஎச்.டி. பதிவு பெரும்பாலும் ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்ற அகாடமி வழியாக நடக்கும். அதன் சேர்க்கை அறிவிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை வரும்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் இயற்பியல், தொழில்சார் வேதியியல், நானோ அறிவியல் பக்கம் பொருள் ஆராய்ச்சி நடக்கிறது. 1952-இல் தொடங்கிய அழகப்பர் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் சுத்தமான திண்மப்பொருள் மெக்கானிக்ஸ், அதாவது விரிசல், அதிர்வு, கட்டமைப்பு என்று போக நினைத்தால் ஊரைத் தாண்டத்தான் வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல் துறை இருக்கிறது, இங்கிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். சென்னை ஐ.ஐ.டி.யில் பயன்முறை மெக்கானிக்ஸுக்கு ஒரு துறை, உலோகவியலுக்கு இன்னொரு துறை. தரமணியில் கட்டமைப்புப் பொறியியலுக்கான எஸ்.இ.ஆர்.சி., கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். காலையில் பல்லவன் ரயில் ஏறினால் மதியவாக்கில் எழும்பூர். பெரிய தூரம் ஒன்றும் இல்லை.

5. "மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன் அண்ணே. லீவுல எங்க போய்க் கத்துக்கலாம்?"

சேரும் முன் ருசி பார்க்க இதுதான் நல்ல வழி. இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையில் ஒரு விஞ்ஞானியோடு இரண்டு மாதம் வேலை செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யும் கோடைக்கால உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குக் கல்பாக்கத்தில் ஸ்டிபாக் என்ற கோடைப் பயிற்சி உண்டு. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தால், பாடம் எடுத்த பேராசிரியரிடமே பயிற்சிக்குப் போகும் வாய்ப்பும் சில சமயம் அமையும்.

நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது தேதியில்தான். கோடையில் போக வேண்டிய பயிற்சிக்குச் சில திட்டங்களில் முந்தைய ஆண்டு தீபாவளி ஒட்டியே விண்ணப்பம் முடிந்துவிடும். ஏப்ரலில் வந்து கேட்டால் நான் என்ன செய்ய? கடைசி ஆண்டு புராஜக்ட்டுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது. தொகை பெரிதில்லை. ஆனால் நிதி கேட்டு ஒரு திட்டம் எழுதிப் பழகுவது பின்னால் மிகவும் உதவும்.

6. "நாற்பது பேராசிரியருக்கு மெயில் போட்டேன். ஒருத்தர்கூட பதில் போடல."

நாற்பது பேருக்கும் ஒரே மெயில் போட்டிருப்பீர்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்குவதைப் படித்த உடனே அவருக்குத் தெரிந்துவிடும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது படியுங்கள். முழுதும் புரிய வேண்டாம். முன்னுரையும் படங்களும் முடிவுரையும் புரிந்தால் போதும். அதிலிருந்து ஒரு உண்மையான கேள்வியை எடுத்து எழுதுங்கள்.

உதாரணமாக, "உங்கள் கட்டுரையில் வெல்டிங் செய்த அலுமினிய மாதிரிகளை அறை வெப்பநிலையில் மட்டும் சோதித்திருக்கிறீர்கள். 150 டிகிரியில் விரிசல் வளரும் வேகம் மாறுமா? நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். பைத்தானில் தரவை வரைபடமாக்கத் தெரியும். மே, ஜூன் இரண்டு மாதம் வர முடியும்." இவ்வளவுதான். பத்து வரி, ஒரு பக்கத் தன்விவரம், மதிப்பெண் பட்டியல். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அவரிடம் பிஎச்.டி. செய்கிற மாணவருக்கு எழுதினால் பல நேரம் பதில் சீக்கிரம் வரும். இந்த ரகசியம் யாரும் சொல்லித் தருவதில்லை.

7. "கேட் எழுதியே ஆகணுமா? எந்தப் பேப்பர் எழுதறது?"

உள்நாட்டில் என்றால் எழுதுங்கள். பாதிக் கதவு அதில்தான் திறக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். தேர்வு பிப்ரவரி வாக்கில் வரும், விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில்.

மெக்கானிக்கல் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எம்.இ. என்ற மெக்கானிக்கல் தாளை எழுதுகிறார்கள். எக்ஸ்.இ. என்று ஒரு தாள் இருப்பது பலருக்குத் தெரியாது. பொறியியல் அறிவியல் என்று அதற்குப் பெயர். 15 மதிப்பெண்ணுக்குப் பொது அறிவுத்திறன், 15-க்குக் கணிதம், மீதி 70-க்கு நீங்களே இரண்டு பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். திண்ம மெக்கானிக்ஸும் மெட்டீரியல்ஸ் அறிவியலும் அதில் இரண்டு பிரிவுகள்! இந்தத் துறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆனால் பொதுத்துறை நிறுவன வேலைக்கும் அதே மதிப்பெண்ணைப் பயன்படுத்த நினைத்தால் எம்.இ. தாள்தான் பாதுகாப்பு. விதி அனுமதித்தால் இரண்டு தாளும் எழுதலாம். எம்.டி. என்ற உலோகவியல் தாள் உலோகவியல் படித்தவர்களுக்குப் பொருந்தும்.

8. "பி.இ. முடிச்சதும் நேரா பிஎச்.டி. சேர முடியுமா?"

முடியும். 2022-இல் வந்த, யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைப்படி நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் தங்களுக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கின்றன.

முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஆராய்ச்சி பிடிக்குமா என்றே தெரியாதவருக்கு நான் சொல்வது சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். பட்டம். முழுக்க ஆராய்ச்சி வழியாகப் பெறுவது, பாடம் குறைவு, ஆய்வேடு முக்கியம். பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் எம்.டெக். ஆராய்ச்சி என்று இருக்கிறது. பிடித்தால் அதையே பிஎச்.டி.யாக நீட்டிக்க வழி கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் ஒரு நல்ல பட்டத்தோடு வெளியே வரலாம்.

9. "சிக்ரியில புராஜக்ட் ஆள் எடுக்கிறாங்கன்னு நோட்டீஸ் பார்த்தேன். அதுல சேர்ந்தா பிஎச்.டி. ஆயிடுமா?"

தானாக ஆகாது. இரண்டாம் பதிலில் சொன்ன ஜே.ஆர்.எஃப். உங்கள் பெயரில் வருவது. வழிகாட்டி மாறினாலும் பெரும்பாலும் உங்களோடு வரும். புராஜக்ட் பணியோ ஒரு பேராசிரியருக்கு வந்த நிதியில் உருவான இடம். அந்தத் திட்டம் முடிந்தால் இடமும் முடிந்தது. பிஎச்.டி. பதிவு தனி நடைமுறை, தனித் தேர்வு.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட் சரியாக வராதவர்களுக்கும், ஒரு வருடம் கருவிகளோடு பழக நினைப்பவர்களுக்கும் இது அருமையான வழி. நேர்காணலிலேயே மூன்று விஷயம் கேளுங்கள்: திட்டம் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது, இந்த இடத்திலிருந்து பிஎச்.டி. பதிவுக்கு அனுமதி உண்டா, முன்பு இருந்தவர் என்ன ஆனார். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

10. "நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். இது இன்ஜினியர்களுக்கு மட்டும்தான்னு அக்கா சொல்றா. அப்படியா?"

அக்கா சொல்வது தவறு. பொருள் ஆராய்ச்சிக் கூடங்களில் பாதிப்பேர் இயற்பியலும் வேதியியலும் படித்தவர்கள். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் அல்லது கேட் எழுதி வரலாம். கல்பாக்கம் போன்ற இடங்களில் இயற்பியல் மாணவர்களுக்கான ஜெஸ்ட் தேர்வையும் ஏற்பார்கள். எக்ஸ்ரே விளிம்புவிளைவு, மின்னணு நுண்ணோக்கி எல்லாம் உங்கள் பாடத்திலேயே வருகிறதே. உங்களுக்குக் குறைவது தகைவுக் கணக்கு. அதை என்.பி.டெல். பாடம் ஒன்றில் பிடித்துவிடலாம்.

11. "டிப்ளமோ முடிச்சவங்களுக்கு?"

நேரடியாக இல்லை. பக்கவாட்டு நுழைவில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மேலே போகலாம். ஆனால் ஆய்வுக்கூடங்களில் தொழில்நுட்ப உதவியாளர் பணிக்கு டிப்ளமோக்காரர்களை எடுக்கிறார்கள். நல்ல லேத் ஆள் இல்லாமல் எந்த மெக்கானிக்ஸ் ஆய்வும் நகராது. சோதனை மாதிரியைச் சரியான அளவில் வெட்டித் தருவது அவர்தான்.

12. "எங்க காலேஜ்ல ஒரு டென்சைல் மிஷின்தான் இருக்கு. அதுவும் ஓடாது."

பொருளை இழுத்து வலிமையை அளக்கும் மிஷின் பல கல்லூரிகளில் இதே நிலையில்தான் இருக்கிறது. அப்படியானால் கணினி வழியாகத் தொடங்குங்கள். மூலக்கூறு அளவில் பொருளைப் பாவித்துப் பார்க்கும் லாம்ப்ஸ், கட்டமைப்புக் கணக்குக்குக் கால்குலிக்ஸ், ஃபெனிக்ஸ், பாய்வுக்கு ஓப்பன்ஃபோம் எல்லாமே இலவசம். அபாகஸும் ஆன்சிஸும் மாணவர்களுக்கு இலவசப் பதிப்பு தருகின்றன. கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், கற்றுக்கொள்ள அது போதும். நுண்ணோக்கிப் படங்களை அளக்க இமேஜ்-ஜே இருக்கிறது. மெட்டீரியல்ஸ் புராஜக்ட் என்ற தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான சேர்மங்களின் பண்புகள் கணக்கிட்டுப் போடப்பட்டிருக்கின்றன.

கட்டுரை படிக்கக் காசு வேண்டுமே என்ற கவலையும் பெருமளவு தீர்ந்துவிட்டது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. முப்பது பெரிய பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் படிக்கலாம். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் நூலகத்தில் போய் நுழைவுச் சொல் கேளுங்கள். தனியார் கல்லூரியில் இருந்தால் ஆர்க்கைவ் என்ற இலவசத் தளத்தில் முன்பதிப்பு தேடுங்கள், அல்லது எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

13. "நம்ம வீட்டுச் சுவரு, ஆத்தங்குடிக் கல்லு, இதெல்லாம் ஆராய்ச்சி ஆகுமா? வாத்தியார் சிரிக்கிறார்."

சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. மேல்பரப்பு சீக்கிரம் இறுகும், உள்ளே போகப்போக ஆண்டுக்கணக்கில் ஆகும். அதில் முட்டை வெண்கரு, வெல்லம், கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது? படிகம் வளரும் வடிவத்தை மாற்றுகிறதா, துளைகளைச் சுருக்குகிறதா, தண்ணீரைப் பிடித்து வைக்கிறதா? எக்ஸ்ரேயும், சூடேற்றி எடை இழப்பை அளக்கும் கருவியும், நுண்ணோக்கியும் இருந்தால் இதைப் பிரித்துப் பார்க்கலாம். இது மெட்டீரியல்ஸ் பக்கம். பல அடுக்காகப் பூசி இழைத்த பூச்சு அடுக்கு அடுக்காக உரிகிறதே, அது விரிசல் மெக்கானிக்ஸ். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் வைத்து ஒட்டுப் போட்டால் சில மழைக்காலத்திலேயே ஓரம் பெயர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிமென்ட் கடினம், ஈரத்தை வெளியே விடாது, பக்கத்துச் சுண்ணாம்போ நெகிழ்வானது. இந்தப் பொருந்தாமையை எண்ணில் அளந்து காட்டினால் அது ஒரு நல்ல ஆய்வேடு. சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் இன்னும் சுவாரசியம். சூளை கிடையாது. கண்ணாடித் தட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணம் கலந்த சிமென்டை ஊற்றி, மேலே உலர் கலவை, அதன் மேல் ஈரக் கலவை போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. அந்த மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. ஓரம் ஏன் சில கற்களில் தூக்கிக்கொள்கிறது, சாம்பல் கலந்தால் தேய்மானம் கூடுமா குறையுமா என்பதெல்லாம் ஒரு பி.இ. புராஜக்ட்டுக்குத் தாங்கும். வேறொன்றும் இருக்கிறது: சிவகங்கையில் மாநில அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டி எடுக்கும் கிராஃபைட். லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனை கிராஃபைட்தான். சுரங்கம் ஒரு பக்கம், பேட்டரி ஆய்வு செய்யும் சிக்ரி இன்னொரு பக்கம், நடுவில் ஒரு பஸ் பயணம்.

ஒரு எச்சரிக்கை. மாதிரி வேண்டுமென்று யார் வீட்டுச் சுவரையும் சுரண்டாதீர்கள். இங்கே ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்று உங்களுக்கே தெரியும். சாவி வைத்திருப்பவர் சரி என்றால் மற்றவர் எல்லாரும் சரி சொன்னதாக ஆகாது. மராமத்து நடக்கும் வீட்டில் கீழே விழுந்த துண்டுகளை, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள். எந்த வீடு, எந்த அறை, எந்த உயரம் என்று அங்கேயே குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத மாதிரியால் பயனில்லை.

14. "பெரிய இன்ஸ்டிட்யூட்டா, நல்ல கைடா? எதைப் பார்க்கணும்?"

கைடு. யோசிக்காமல் சொல்வேன். ஐந்து ஆண்டு உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது கட்டடத்தின் மேலுள்ள பெயர் இல்லை, அவர். அவரிடம் முடித்தவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், மாணவர் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறதா என்று பாருங்கள். அவருடைய மாணவர் ஒருவரோடு டீக்கடையில் பேசுங்கள், ஆய்வகத்துக்குள் வைத்துக் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

தனியாக ஒரு கேள்வி உண்டு: தேவையான கருவி அவருடைய சொந்த ஆய்வகத்தில் இருக்கிறதா, அல்லது வேறு துறையில் வரிசை நின்று வாங்க வேண்டுமா? நுண்ணோக்கிக்குக் காத்திருந்தே ஒரு வருடம் போனவர்கள் உண்டு.

15. "வெளிநாடு போகணும்னா?"

படிக்கும்போதே போவதற்கு இரண்டு நல்ல வழிகள்: ஜெர்மனிக்கு டி.ஏ.ஏ.டி. அமைப்பின் வைஸ், கனடாவுக்கு மைட்டாக்ஸ் குளோபலிங்க். வைஸுக்கு முதலில் ஒரு ஜெர்மன் பேராசிரியரின் அழைப்பு வேண்டும். ஆறாம் பதிலில் சொன்ன மெயில் இங்கே நேரடியாக உதவும்.

பிஎச்.டி.க்கு என்றால் நாட்டுக்கு நாடு ஏற்பாடு வேறு. ஜெர்மனியில் அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. இடம் காலியானால் விளம்பரம் வரும், முதுகலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவில் பி.இ.யோடு நேராகப் போகலாம். ஆசிரிய உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை பார்த்தால் கட்டணமும் கழிந்து செலவுக்கும் பணம் வரும். இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு முந்தைய டிசம்பர் வாக்கில் விண்ணப்பம் முடியும். ஜப்பானுக்கு அந்த நாட்டு அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை. நிதி இல்லாத பிஎச்.டி. இடத்துக்கு வீட்டை அடமானம் வைத்துப் போகாதீர்கள். பொறியியலில் அப்படிப் போக வேண்டிய தேவையே இல்லை.

16. "தமிழ் மீடியத்துல படிச்சேன். இங்கிலீஷ்ல கட்டுரை எழுத வருமா?"

வரும். ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலம் கதை எழுதும் ஆங்கிலம் இல்லை. என்ன செய்தோம், என்ன வந்தது, ஏன் வந்தது என்ற மூன்றையும் சிறு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். தினம் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை எடுத்து, மூடி வைத்துவிட்டு, நீங்களே எழுதிப் பாருங்கள். நேர்காணலில் தடுமாறினால் பலகையில் படம் போட்டு விளக்குங்கள். தகைவு-திரிபு வரைபடத்தைத் தெளிவாகப் போட்டு விளக்குபவரை மொழிக்காகத் தள்ளுவது அபூர்வம்.

17. "பொண்ணு ஆராய்ச்சிக்குப் போறேங்கிறா. கல்யாணம் தள்ளிப்போகுமே தம்பி?"

ஆச்சி, தள்ளிப் போட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. எட்டாம் பதிலில் சொன்ன அந்த 2022 விதிமுறையிலேயே பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும், பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை விடுப்பும் இருக்கிறது. கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விட்டவர்களுக்கும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தனி உதவித்தொகை தருகிறது. அதற்கும் வைஸ் என்றே பெயர். பதினைந்தாம் பதிலில் வந்த ஜெர்மனி வைஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்பு பாதியில் இருப்பதையும் இன்னும் எத்தனை வருடம் என்பதையும் முன்பே சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

18. "வேலையில இருக்கேன். பார்ட் டைம்ல முடியுமா?"

முடியும். நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் உள்பட பல இடங்களில் பகுதிநேரப் பதிவு உண்டு, ஆனால் உதவித்தொகை இல்லை. உங்கள் தொழிற்சாலையில் திரும்பத் திரும்ப உடைகிற பாகம் எதுவோ அதையே தலைப்பாக எடுப்பவர்கள்தான் முடிக்கிறார்கள். வேலை ஒரு திசை, ஆய்வு ஒரு திசை என்றால் மூன்றாம் ஆண்டில் மூச்சு வாங்கும். தரவை வெளியிட நிறுவனம் ஒத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

19. "பதினைஞ்சாயிரம் கட்டினா பத்து நாள்ல பேப்பர் போட்டுத் தர்றோம்னு வாட்ஸாப்பில் வருது. எல்லாரும் பண்றாங்களே?"

எல்லாரும் செய்யவில்லை. செய்கிறவர்கள் சத்தமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இதழ்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரத்துக்குச் சான்று இல்லை. நல்ல இதழின் பெயரைத் திருடி அதேபோலத் தளம் போட்டு நடத்தும் ஆட்களும் இருக்கிறார்கள். யு.ஜி.சி. வைத்திருந்த, கேர் என்ற அங்கீகரித்த இதழ்களின் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆக இதழை எடைபோடும் பொறுப்பு இப்போது உங்கள் தலையிலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் தலையிலும்தான். நீங்கள் படித்துப் பயன்பெற்ற கட்டுரைகள் எந்த இதழில் வந்தனவோ அங்கே அனுப்புங்கள். மதிப்புரை வர மாதக்கணக்கில் ஆகும், திருப்பி அனுப்புவார்கள், திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் சிலவற்றில் நியாயமாகவே கட்டணம் உண்டு, அது ஏற்றுக்கொண்ட பிறகு வருவது. பத்து நாளில் வெளியீடு உறுதி என்று முன்கூட்டியே சொன்னால் அங்கே யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

இன்னொன்று, பயிற்சிக்கோ பிஎச்.டி. இடத்துக்கோ 'பதிவுக் கட்டணம்' என்று தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். அரசு நிறுவனத்தின் கட்டணம் அதன் சொந்தத் தளம் வழியாகத்தான் போகும்.

20. "சேர்ந்தப்புறம் பிடிக்கலைன்னா? கைடோட ஒத்துவரலைன்னா?"

யாரும் வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள், தனியாக வந்து கேட்பார்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சோதனை மூன்று மாதமாகத் தோற்கிறது என்பதால் வரும் சலிப்பு எல்லாருக்கும் வரும், அது போகும். கைடு சம்பந்தப்பட்ட சிக்கல் வேறு. ஒவ்வொருவருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள்முன் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். அதைச் சடங்காக எண்ணாமல், குழுவில் ஒருவரையாவது நன்றாகப் பழக்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டியை மாற்ற விதியில் இடம் உண்டு. முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மாற்றுவது எளிது. தரவு சேர்ந்த பிறகு அது யாருடையது என்ற சண்டை வரும். அதனால் என்ன செய்தோம் என்பதைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவைப்பதும், முக்கியப் பேச்சுகளை மெயிலில் ஒருமுறை உறுதிசெய்வதும் முதல் நாளிலிருந்தே பழக்கமாகட்டும்.

விட்டுவிடத்தான் வேண்டும் என்று தோன்றினால், பாடப்பகுதி முடித்திருந்தால் அதற்கு முதுகலைப் பட்டம் கொடுத்து அனுப்பும் வழி உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் இருக்கிறது. உதவித்தொகையைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை இருக்கிறதா என்பதைச் சேரும்போது கையெழுத்திட்ட தாளில் பாருங்கள். அந்தத் தாளின் நகல் உங்களிடம் இல்லையென்றால், அலுவலகத்தில் போய் இன்றே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.